கமேலியா வைத்த சிஸ்டர்

சிஸ்டர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தள்ளு."

தள்ளி நின்றேன். என் வாசலோரம் வரிசையாகப் பூத்திருந்த செம்பருத்தியின் தலையில் அவருடைய வெட்டுக்கத்தி இறங்கியது. ஒரு செடி, அடுத்த செடி, அதற்கடுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வேலி முழுக்க முட்டி உயரத்துக்கு வந்துவிட்டது. சிவப்புப் பூக்கள் சேற்றில் கிடந்தன.

"பூவோட இருந்துச்சே சிஸ்டர்!"

"பூ இருக்கும். உள்ள கைய விட்டுப் பாரு. காத்து போறதுக்கு வழி இருக்கா? மழை ஆரம்பிச்சா பூஞ்சை புடிச்சு மொத்தமா போய்டும்."

சொல்லிவிட்டுக் கத்தியைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஏலகிரி மலைக்கு நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எனக்கு அங்கிருந்த பள்ளிக்கூடத்தில் வேலை. வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தார். சனிக்கிழமை பஸ்ஸேறி மேலே வருவார், திங்கள் காலையில் இறங்கிவிடுவார். மற்ற நாட்களில் எனக்குத் துணை பக்கத்து வீட்டு சிஸ்டர்தான். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் நர்சாக இருந்து, வயதாகுமுன்பே வேலையை விட்டுவிட்டு வந்தவர். மலையில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது மலையில் இத்தனை லாட்ஜும் கிடையாது, படகுக்கு இத்தனை கூட்டமும் கிடையாது.

அன்றைக்கு ராத்திரி நான் அழுதது நிஜம். மழை வந்தது. செம்பருத்தி அடியிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பி, ஆடிக்குள் சுவர் மாதிரி அடைத்துக்கொண்டது. குழாயடியில் இருந்த ஒன்று மட்டும் துளிர்க்கவே இல்லை. சிஸ்டர் வந்து அந்தக் கட்டையைக் கையாலேயே பிடுங்கிப் பார்த்தார்.

"இது நான் கொன்னது. ஜாஸ்தி கீழ போய்ட்டேன்" என்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் தன் தோட்டத்திலிருந்து வேரோடு ஒரு செடியைத் தோண்டி எடுத்துவந்து, அந்தக் குழியில் வைத்து, காலால் மிதித்து இறுக்கினார். அப்படி மிதித்தால் செடி பிழைக்குமா என்று பயந்தேன். பிழைத்தது.

அவர் தோட்டம் சாலையோரத்திலிருந்து சரிவில் படிப்படியாக இறங்கும். மேலே நிழலுக்கு சில்வர் ஓக். வேலியோரம் நீலப்பூ பூக்கும் ஜகரண்டா. அதன் கீழே ஹைட்ராஞ்சியா, அசேலியா, பால் வடியும் சிவப்பு இலைச் செடி, குரோட்டன்ஸில் எத்தனையோ தினுசு. ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய் ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த குச்சிகளிலிருந்து வளர்ந்தவை எல்லாம். மலை மண்ணும் பனியும் இரண்டு பருவத்து மழையும் அவற்றுக்கு ஒத்துப்போயின. ஆனால் அந்தத் தோட்டத்தில் மென்மையாக நடந்த வேலை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. மண்ணைத் திட்டிக்கொண்டேதான் கொத்துவார். களையைப் பிடுங்கினால் வேரில் ஒட்டிய மண்ணைக் கல்லில் ஓங்கி அடிப்பார். முழங்கை வரைக்கும் முள் கிழித்த கோடுகள். செடிப்பால் பட்டு வெந்த தழும்புகள்.

பதியன் போட எனக்குச் சொல்லித் தந்ததும் அதே தோரணையில்தான். "சாய்வா வெட்டு. ஒரே வெட்டு. பயந்து பயந்து வெட்டினா காயம் நசுங்கும். நசுங்கின காயம் ஆறாது." நான் தயங்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்து பிளேடை இறக்கினார். பிடித்த இடம் சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

ஆடுகள் அவருக்கு ஜென்ம விரோதி. ஒருமுறை கீழ்த்தெருக்காரர் ஒருவரின் ஆடு வேலி தாண்டி வந்து ஹைட்ராஞ்சியாவை மேய்ந்துவிட்டது. சிஸ்டர் எறிந்த கல்லில் அதன் பின்னங்கால் ஒடிந்து தொங்கியது. ஆட்டுக்காரர் கத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது, சிஸ்டர் ஆட்டை மடியில் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீயே உடைச்சிட்டு நீயே கட்டுறியாம்மா?"

"பின்ன யாரு கட்டுவா? உனக்குக் கட்டத் தெரியுமா? புடி, கழுத்த புடி."

கால் சேரும்வரை ஆடு அவர் வீட்டிலேயே இருந்தது. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு போய், மிச்சமிருந்த ஹைட்ராஞ்சியாவையும் தின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கை ஓங்க மாட்டார்.

மனிதர்கள் விஷயத்தில் அந்தத் தயவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில் வந்த பையன்கள் ஜகரண்டா கிளையை ஒடித்து, கூட வந்த பெண்ணிடம் நீட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் வாசலைத் திறந்து நடந்துபோய், ஒடித்தவன் கன்னத்தில் ஒன்று விட்டார். நான் என் வீட்டுச் சமையலறையில் இருந்தேன், எனக்கே கேட்டது. நான்கு பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். இடுப்பிலிருந்து செடி வெட்டும் கத்திரியை எடுத்து அதன் வாயைத் திறந்தார்.

"தொட்ட விரல நீட்டு."

அவர் குரலை உயர்த்தவில்லை. பையன்கள் காரில் ஏறிவிட்டார்கள். அதற்குள் நான் ஓடிப்போய் நின்றிருந்தேன். அவர் முகத்தில் கோபம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. கத்திரியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சிஸ்டர், ஒரு நாள் யாரையாவது இன்னாவாவது பண்ணிடப் போறீங்க" என்றேன்.

"பண்ணா பண்ணேன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

அவருடைய புருஷனைப் பற்றித் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவர். சாயங்காலம் குடித்துவிட்டு வருவார், வந்தால் அடிப்பார். ஆம்பூர் வீட்டில் சிஸ்டர் காலி டின்களில் செடி வைத்திருந்தாராம். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு. இலையின் ஓரம் கருகிக் கருகித்தான் வரும். அப்படியும் பிழைத்ததை, அடித்து ஓய்ந்தபிறகு, அந்த மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிவாராம். சிஸ்டரின் புருவத்துக்கு மேல் நீளமாக ஒரு தழும்பு இருந்தது.

"இது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"டின் மூடி" என்றார். "நானே கண்ணாடி பாத்துத் தைச்சிக்கிட்டேன். மறுநாள் டியூட்டி இருந்துச்சு."

"நீங்க திருப்பி..."

"ஒரு தடவகூட இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். கடைசிக் காலத்தில் புருஷனுக்கு மூச்சுவாங்கத் தொடங்கியபோது, டாக்டர் சொன்னபடி மலைக்குக் கூட்டிவந்து, பெட்பேன் எடுத்து, வாயில் கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டது சிஸ்டர்தான். அந்த மனிதர் போனபிறகுதான் சிஸ்டர் இந்தச் சரிவில் செடிக்கு முதல் குழி தோண்டியிருக்கிறார்.

இத்தனை செடியிலும் அவரை உண்மையாகவே அலைக்கழித்தது கமேலியா. ஊட்டியிலிருந்து கொண்டுவந்த ஒற்றைச் செடி. மொட்டு வைக்கும், விரியாமல் கொட்டும். இடம் மாற்றினார். இலை மக்கு போட்டார். வெயில் படாமல் ஜகரண்டா நிழலுக்குக் கொண்டுவந்தார். வருஷக்கணக்கில் இது நடந்தது. மொட்டு கொட்டும் ஒவ்வொரு முறையும் அதைக் கெட்ட வார்த்தையில் திட்டி, வெட்டி எறியப்போவதாகச் சொல்வார். அந்த ஒன்றின் மேல் மட்டும் கத்தி பட்டதே இல்லை. கடைசியில் ஒரு மார்கழியில் அது பூத்தது. ரத்தச் சிவப்பில், இதழ் இதழாக அடுக்கிவைத்தமாதிரி. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார்.

"பாத்தியா டீச்சர். பேஜார் புடிச்ச கழுத, பூத்துடுச்சு."

அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

அந்த வருஷம்தான் அவர் கொழுந்தனார் மலைக்கு வரத் தொடங்கினார். புருஷனின் தம்பி, ஆம்பூரில் தோல் வியாபாரம். முதல் தடவை பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்.

"அண்ணி, இந்த நெலத்த வாங்கும்போது நானும்தான் பணம் போட்டேன். ரோட்டோரம் இருக்கிற பாதிய எழுதிக் குடுத்துடுங்க. ரெண்டு காட்டேஜ் கட்டிக்கிறேன். மலைக்கு இப்போ நல்ல டிமாண்ட்."

சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து, வாசலில் நின்ற தெரு நாய்க்கு முன்னால் வைத்தார். அதுதான் பதில். பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது, ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். சிஸ்டர் யாருக்கும் நாற்காலி போடவில்லை.

அடுத்த மார்கழியில், கமேலியா இரண்டாம் முறை பூத்திருந்தபோது அது நடந்தது. காலை நேரம், விட்டு விட்டுத் தூறல். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோடாலிச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், சிஸ்டர் வேலியை ஒட்டிக் கொழுந்தனாரின் அம்பாசிடர் நின்றிருந்தது. ஆம்பூரிலிருந்து கூலிக்கு வந்த மூன்று ஆட்கள் ஜகரண்டாவை அடியில் பாதிக்கு மேல் வெட்டியிருந்தார்கள்.

கீழ்ச்சரிவில் பெரணியைக் கழித்துக்கொண்டிருந்த சிஸ்டர் கத்தியோடு மேலே ஏறி வந்தார்.

"நிறுத்துங்கடா!"

கோடாலி வைத்திருந்தவன் நிறுத்தினான். முப்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ வெட்டு. நான் சொல்றேன்" என்றார் கொழுந்தனார். சிஸ்டர் மரத்துக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். கொழுந்தனார் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். சிஸ்டர் சேற்றில் மல்லாக்க விழுந்தார். எழுவதற்கு முயன்றபோது கொழுந்தனார் காலால் அவரை இன்னொரு முறை தள்ளினார். நான் கத்தினேன். அந்த நேரத்தில்தான் மரம் தானாகவே முறியத் தொடங்கியது. ஆட்கள் விலகி ஓடினார்கள். ஜகரண்டா சரிந்து, நேராகக் கமேலியாவின் மேல் விழுந்து, அதைத் தரையோடு நசுக்கியது.

சிஸ்டர் எழுந்தார். நேராகக் கொழுந்தனாரை நோக்கிப் போனார், கத்தி தலைக்கு மேலே போனது. "வாணாம்மா!" என்று கத்திக்கொண்டு அந்த ஒல்லி ஆள் குறுக்கே பாய்ந்து இடது கையை நீட்டினான். பச்சைக் கிளையில் கத்தி இறங்கும்போது எந்தச் சத்தம் கேட்குமோ, அதே சத்தம் கேட்டது.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்திருந்தது. ரத்தம் துடித்துத் துடித்துப் பீச்சியது. மற்ற இரண்டு ஆட்களும் ஓடிவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கத்தி சேற்றில் விழுவதற்குள் சிஸ்டரின் இரண்டு கைகளும் அவன் கையில் இருந்தன. அவனைக் கீழே சாய்த்து, கையைத் தூக்கிப் பிடித்து, முந்தானையைக் கிழித்து மேற்கையில் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார்.

"டீச்சர், சுத்தமான துண்டு. எல்லாத்தையும் எடுத்தா. தம்பி, வண்டிய எடு."

கடைசி வார்த்தை கொழுந்தனாருக்கு. வெட்ட வந்தவர் சொல்ல, வெட்டுப்பட இருந்தவர் ஓடிப்போய் வண்டியை எடுத்தார்.

நான் முன்சீட்டில். பின்சீட்டில் அந்த ஆளின் தலை சிஸ்டர் மடியில். கொண்டை ஊசி வளைவுகளில் கார் வழுக்கியது. கொழுந்தனார் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"ஹாரன் அடி. பிரேக்க மெதுவா புடி. நீ பதறினா நாலு பேரும் சாவோம்" என்றார் சிஸ்டர். பிறகு மடியில் கிடந்தவனிடம், "தூங்காத கண்ணு. உனக்கு எத்தினி புள்ளைங்க? சொல்லு."

"ரெண்டு... அம்மா, நான் செத்துடுவனா?"

"சாவ மாட்ட. விரல ஆட்டு. ஆட்டுடா! சரி, வேணாம். ஆட்டாத."

மேலே கட்டியதை அவ்வப்போது தளர்த்தினார். துண்டு நனைந்து சீட்டில் வடியும். மறுபடி இறுக்குவார். வாணியம்பாடி வந்தபோது கொழுந்தனார் வேகத்தைக் குறைத்தார்.

"இங்க நிறுத்தாத. இங்க உசுர காப்பாத்துவாங்க, கைய எடுத்துடுவாங்க. வேலூர் போ."

அப்படியே போனோம். ஆம்பூர் தாண்டும்போது அவன் கண் செருகியது. சிஸ்டர் ஓங்கி அவன் கன்னத்தில் அறைந்து எழுப்பினார்.

கை பிழைத்தது. இரண்டு விரல் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது கொழுந்தனார் முந்திக்கொண்டார். அத்துமீறி நுழைந்த விஷயம் தனக்கும் வினையாகும் என்று அவருக்குத் தெரியும்.

"மரம் வெட்டும்போது கோடாலி பட்டுடுச்சு சார். அவ்ளோதான். இல்ல அண்ணி?"

சிஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட், பாவாடை எல்லாம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"கோடாலி இல்ல. நான்தான் கத்தியால வெட்டினேன்" என்றார். "இவர வெட்டத்தான் போனேன். அந்தப் பையன் நடுவுல வந்துட்டான். இந்த டீச்சர் பாத்துக்கிட்டு இருந்தாங்க, கேட்டுக்குங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

"பாத்தத சொல்லும்மா" என்றார். சொன்னேன்.

சில நாள் வேலூர் ஜெயிலில் இருந்தார். ஜாமீனில் வந்ததும் வீட்டைத் திறக்கக்கூட இல்லை, என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஆம்பூருக்கு பஸ்ஸேறினார். பையில் பஞ்சு, காஸ் துணி, மருந்து. அடிபட்டவன் பக்கமே போகக்கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சிஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்கு வெளியே, காற்றடித்தால் தோல் நாற்றம் வீசும் ஒரு தெரு. அவன் மனைவி அப்போதுதான் ஷூ கம்பெனியிலிருந்து வந்திருந்தாள். தோலில் பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் வேலை. கையில் சொல்யூஷன் வாசனை. வாசலில் நிற்பது யார் என்று தெரிந்ததும் அவளுக்கு முகம் மாறியது.

"வெட்டிட்டு மருந்து போட வந்துட்டியா? ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு அந்த ஆளு இன்னா வேலைக்குப் போவான்? சொல்லுடி!"

ஓங்கி அறைந்தாள். சிஸ்டரின் மூக்குக்கண்ணாடி பறந்து தெருவில் விழுந்தது. இன்னொரு கன்னத்திலும் அறைந்தாள். நான் நடுவில் போகப் பார்த்தேன். சிஸ்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையாலேயே எனக்கு வேண்டாம் என்று காட்டினார். மூன்றாவதாக ஓங்கிய கை பாதியில் நின்றது. அந்தப் பெண் அப்படியே வாசலில் உட்கார்ந்து கத்தி அழுதாள்.

சிஸ்டர் தெருவில் கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முடிஞ்சிச்சாம்மா? இன்னும் இருந்தா அடி. முடிஞ்சிச்சுன்னா தண்ணி கொதிக்க வை. கட்டப் பிரிக்கணும், சீழ் வெச்சா கை போய்டும்."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே ஸ்டவ் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கட்டுப் பிரிக்கும்போது அவன் வலியில் துடித்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சிஸ்டரின் இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"வலிக்குதா சிஸ்டர்?"

"நல்ல அடி." ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாணியம்பாடி தாண்டியபிறகுதான் மறுபடி பேசினார். "நான் அடிச்சிருக்க வேண்டிய வயசுல கைய கட்டிக்கிட்டு நின்னேன் டீச்சர். அது எங்கயும் போகல. உள்ளயே கெடந்துச்சு. போய் சம்பந்தமே இல்லாத இவன் கையில விழுந்துடுச்சு."

காயம் ஆறும்வரை வாரம் தவறாமல் போய்வந்தார். வழக்கு பல வருஷம் இழுத்தது. கோர்ட்டில் கேட்டபோதும் "ஆமாங்க ஐயா, நான்தான்" என்றார். சில மாதத் தண்டனை. மறுபடி வேலூர் ஜெயில். கொழுந்தனார் நிலத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அந்தக் காரை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மலைக்கு அவர் வந்து யாரும் பார்க்கவில்லை.

சிஸ்டர் இல்லாத மழைக்காலத்தில் தோட்டம் வெறிபிடித்தமாதிரி வளர்ந்தது. உண்ணிச்செடி வேலியைத் தாண்டி வந்து அசேலியாவை மூடியது. நான் தெரிந்தவரை கழித்துவிட்டேன், எனக்குக் கை போதவில்லை. தண்டனை முடிந்து வந்த மறுநாளே அவர் புதுக் கத்தி வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பழைய வேகம். பழைய வசவு. கிளைகள் சரிவில் உருண்டு விழுந்தன. நான் நிம்மதியாக டீ எடுத்துக்கொண்டு போனேன்.

என் காலடி கேட்டதும் வெட்டுவதை நிறுத்தினார். கத்தியைத் தரையில் போட்டார். அதன் மேல் வலது காலை அழுத்தி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் டீ டம்ளரை வாங்கினார்.

அன்றிலிருந்து அப்படித்தான். பால்காரர், தபால்காரர், வழி கேட்கிறவர், பூ கேட்டு வரும் குழந்தை, யார் பக்கத்தில் வந்தாலும் முதலில் கத்தி கீழே போகும், அதன் மேல் கால் ஏறும். வந்தவர் போகும்வரை கால் நகராது.

எனக்கு ஆற்காடு பக்கம் மாற்றலாகி, சாமான் ஏற்றிய லாரி கிளம்பியபிறகு, சொல்லிக்கொள்ளப் போனேன். சில்வர் ஓக்கின் கீழே நின்று வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தி தரைக்குப் போனது, கால் அதன் மேல் ஏறியது. நான் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் கைகள் என் முதுகை முறிக்கிறமாதிரி இறுக்கின. அவ்வளவு இறுக்கத்திலும், என் எடை மொத்தமும் அவர் மேல் சாய்ந்தபோதும், அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.